தண்ணீர் மிஞ்சிய பாலைவன ஊர்

பாலைவனத்து ஊரில் தண்ணீர் இல்லை என்றால் அது செய்தியே இல்லை. எகிப்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சீவாவில் தண்ணீர் மிஞ்சிப்போய்விட்டது. வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 10 மில்லிமீட்டர் மழை தேறாத இடம் அது. எந்தத் திசையில் நடந்தாலும் கல் அல்லது மணல். அதன் நடுவில் பேரீச்சை மரங்கள் வேரில் உப்புநீர் தேங்கி அழுகிக்கொண்டிருக்கின்றன. அலெக்சாந்தர் குறிகேட்ட கோயிலைப் பார்க்கத்தான் நான் அங்கே போனேன். இப்போது யாராவது சீவாவைப் பற்றிக் கேட்டால் கோயிலை விட்டுவிட்டு அந்த ஊரின் வடிகாலைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறேன். கேட்டவர்கள் மெதுவாக நழுவிவிடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மத்தியதரைக் கடலோரம் மெர்சா மத்ரூ என்றொரு நகரம். அங்கிருந்து தெற்கே 300 கிலோமீட்டர் போனால் சீவா. இந்தச் சாலைக்குத் தார் போட்டதே 1980களில்தான். அதற்கு முன் சீவாவுக்குப் போய்வருவது பெரும்பாடு. அதனாலேயே அந்த ஊர் தன் போக்கில் இருந்துகொண்டது. கெய்ரோ கிழக்கே 560 கிலோமீட்டர் தள்ளி. லிபியா எல்லையோ 50 கிலோமீட்டர் சொச்சம்தான். பேருந்தில் உட்கார்ந்தால் மணிக்கணக்காக ஒரே காட்சி: தட்டையான, சாம்பல் நிறக் கல்வெளி. வளைவு இல்லை, மேடு இல்லை. தூங்கி எழுந்தாலும் தூங்கின இடத்திலேயே இருக்கிற மாதிரி இருக்கும். பிறகு திடீரென்று தரை முடிந்துபோகிறது. சுண்ணாம்புக்கல் விளிம்பிலிருந்து சாலை சரசரவென்று கீழே இறங்க, அடியில் பச்சையும், பச்சையைத் தாண்டி வெள்ளை விளிம்பு கட்டிய ஏரிகளும் தெரிகின்றன.

இறங்குவது சும்மா இல்லை. சீவாவின் மிகத் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 19 மீட்டர். கிழக்கு மேற்காக 80 கிலோமீட்டர் நீளம், அகலம் அதிகபட்சம் 20 கிலோமீட்டர் என்று ஒரு நீண்ட பள்ளம். வடக்கே அந்தச் சுண்ணாம்புக்கல் மதில். தெற்கே பெருமணல் கடல் என்று அழைக்கப்படும் மணல்மேடுகள். பல லட்சம் ஆண்டுகளாகக் காற்று இந்த இடத்தை அரித்து அரித்துக் குழியாக்கியது. நிலத்தடி நீர் தட்டுப்படும் ஆழம் வந்ததும் ஈரமண்ணைக் காற்றால் தூக்கிப்போக முடியவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. ஆக, காற்று எங்கே தோற்றதோ அங்கே ஊர் உட்கார்ந்திருக்கிறது.

ஓட்டை இல்லாத சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நீர் ஊறுகிறது. வெளியேற ஆறு இல்லை, கடலுக்குப் போகலாம் என்றால் கடல் இதைவிட உயரத்தில் இருக்கிறது. நீர் போகக்கூடிய ஒரே திசை வானம். வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகிறது. சீவாவில் நான் பார்த்த வீடு, தோட்டம், பண்டிகை, சண்டை எல்லாவற்றையும் இந்த ஒரு வரியிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் ஊற்றுகள். சீவாவில் இயற்கை ஊற்றுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிலவற்றைச் சுற்றி வட்டமாகக் கல் கட்டி, கிணறும் குளமும் கலந்த ஒரு வடிவில் வைத்திருக்கிறார்கள். பெயர்பெற்றது ‘கிளியோபாட்ராவின் குளியல்’. கிளியோபாட்ரா அங்கே வந்ததற்கோ குளித்ததற்கோ ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த ஊற்றுக்கு அந்த ராணி இல்லாமலே நல்ல வரலாறு உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிய சூரிய ஊற்று இதுதான் என்கிறார்கள். விடியலில் வெதுவெதுப்பாகவும், உச்சிப்பொழுதில் குளிர்ந்தும், நள்ளிரவில் கொதித்தும் இருக்கும் என்பது அவர் எழுதியது. கொதிப்பதெல்லாம் கொஞ்சம் கூடுதல். நீரின் சூடு நாள் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது காற்று. நவம்பர் இரவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதில் கைவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய நீர் என்றே தோன்றும். மதியம் அதே நீர் சில்லென்று இருக்கும். அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் சரம் சரமாக ஏறி வந்து உடைகின்றன. ஓரத்தில் பாசி. பையன்கள் திண்டின்மேல் நின்று தலைகீழாகப் பாய்கிறார்கள்.

இந்த நீர் இரண்டு அடுக்குகளிலிருந்து வருகிறது. மேலே விரிசல் விட்ட சுண்ணாம்புக்கல் அடுக்கு. அதில் இருப்பது சற்று உவர்ப்பான நீர். அதற்கும் வெகு கீழே நூபிய மணற்கல் படுகை. எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளுக்கு அடியில் பரந்து கிடக்கும் நன்னீர் அது. சஹாராவில் மழை பெய்த காலத்தில் இறங்கியது, பல்லாயிரம் ஆண்டு வயது. இப்போது அதில் புதிதாகச் சேர்வது அநேகமாக ஒன்றுமில்லை. கெய்ரோ கடைகளில் சீவா என்று பெயர் அச்சிட்ட குடிநீர் பாட்டில் கிடைக்கும். உவர்நீர் தேங்கி மரம் சாகும் ஊரிலிருந்து நல்ல நீர் லாரி ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது.

தோட்டங்களுக்கு வருவோம். சுமார் மூன்று லட்சம் பேரீச்சை மரங்கள், எழுபதாயிரம் ஆலிவ் மரங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2016இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இந்த வேளாண் முறையை உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது. உள்ளே நுழைந்தால் சட்டென்று வெக்கை குறைகிறது. மேலே பேரீச்சை ஓலை வெயிலைச் சல்லடையாக்கி இறக்குகிறது. அதன் நிழலில் ஆலிவ், மாதுளை, அத்தி, திராட்சை. அதற்கும் கீழே பாத்தி கட்டிக் குதிரைமசால், கீரை, புதினா. வேலிக்கு ஈச்சமட்டை. ஒவ்வொரு மடையையும் ஒரு மண்கட்டியும் கந்தல் துணியும் வைத்து அடைத்திருந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர் மண்வெட்டியால் ஒரு தட்டு தட்டினார்; கட்டி சரிந்து நீர் அடுத்த பாத்திக்குத் திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஈரத்தை மிதித்துப் பார்த்து, போதும் என்று மறுபடி அடைத்தார். கருவி ஏதும் இல்லை. காலே கருவி.

பழைய முறைப்படி ஓர் ஊற்றின் நீர் தோட்டத்தின் பரப்புக்கு ஏற்பப் பிரிக்கப்படாது. பொழுதாகப் பிரிக்கப்படும். இன்னாருக்கு இத்தனை பொழுது நீர், பகலில் நிழலை வைத்துக் கணக்கு, இரவில் நட்சத்திரத்தை வைத்து. முறைத்தண்ணீரை விற்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதலாம். நிலத்தைவிட நீரின் பங்குக்குத்தான் மதிப்பு. தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ‘ஸக்காலா’ என்று அழைக்கப்பட்ட கல்யாணமாகாத இளைஞர்கள். இவர்களை ராத்திரியில் ஊர்மதிலுக்குள் விடமாட்டார்கள். தோட்டத்திலேயே படுத்து, அங்கேயே பாட்டும் கூத்துமாகக் காலம் தள்ளினார்கள். கூலியாகக் கிடைத்தது பெரும்பாலும் சாப்பாடு, துணி, அறுவடையில் ஒரு பங்கு. தோட்டத்தைப் பற்றிப் பேசும் சுற்றுலாக் கையேடுகள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். அந்த மூன்று லட்சம் மரத்துக்கும் ஏறி, பெண்பாளைக்குள் ஆண்பூவைச் செருகி, குலை இறக்கியவர்கள் இவர்கள்தானே.

அறுவடைக் காலம் இலையுதிர் மாதங்கள். பேரீச்சை முடிந்த கையோடு ஆலிவ் வரும். நான் போனபோது பாதை நெடுகப் பழக்கூடைகள். கழுதை வண்டிகளின் ஊர் என்று படித்திருந்தேன். கழுதைகள் குறைந்துபோய் மூன்று சக்கர மோட்டார் வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

தேநீரைச் சொல்லாமல் விட்டால் சீவாக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். தோட்டத்திலேயே ஆலிவ் விறகில் ஒரு சின்னக் கெண்டி. கூட்டத்தில் ஒருவர்தான் தேநீர் போடுவார், அது அவருக்குக் கொடுக்கப்படும் மரியாதை. மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. ஒரு குவளையில் ஊற்றுவார், மறுபடி கெண்டியில் கொட்டுவார், ருசி பார்ப்பார், தலையாட்டுவார், மறுபடி கொதிக்க விடுவார். முதல் சுற்று நாக்கைப் பிடிக்கும் கடுப்பு. அடுத்த சுற்றுகளில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், புதினாவோ எலுமிச்சைப்புல்லோ சேரும். பாதியில் எழுந்து போனால் தப்பாக நினைப்பார்கள். அவசரக்காரர்கள் சீவாவில் தேநீர் கேட்காமல் இருப்பது நல்லது.

உப்பு இந்த ஊரின் சுவரிலும் இருக்கிறது. ஊர் நடுவில் நிற்கும் ஷாலி கோட்டையைக் கட்டிய பொருளின் பெயர் ‘கெர்ஷெஃப்’. உப்பு ஏரிக்கரையில் உப்பும் களிமண்ணும் சேர்ந்து இறுகிக் கிடக்கும் கட்டிகளைப் பெயர்த்தெடுத்து, அளவு பார்க்காமல், எது எங்கே பொருந்துகிறதோ அங்கே வைத்து, களிமண் சாந்து பூசிக் கட்டுவார்கள். காயும்போது சாந்துக்குள்ளும் உப்பு படிகமாகி, கட்டியும் சாந்தும் ஒன்றாகிவிடும். கூரைக்குப் பிளந்த ஈச்சமரத் தூலங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க நகக்கண் அளவு உப்புப் படிகங்கள் வெயிலில் மினுங்குகின்றன. விரலை ஈரப்படுத்தித் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், சரியான கரிப்பு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தச் சுவருக்குள் அறை குளுமையாக இருக்கும், குளிர்கால இரவில் கதகதப்பாக இருக்கும்.

1203இல் ஏழு குடும்பங்களைச் சேர்ந்த நாற்பது ஆண்கள் பழைய குடியிருப்பான அகுர்மியை விட்டு வந்து ஷாலியைக் கட்டத் தொடங்கினார்கள் என்று ஊர்க் குறிப்பேடு சொல்கிறது. பாலைவனக் கொள்ளையர்களுக்குப் பயந்துதான். மதிலுக்குள் இடம் போதாமல் போகவே, மகன் கல்யாணம் கட்டினால் வீட்டின்மேல் வீடு ஏறியது. நான்கைந்து அடுக்கு வரை போனது. தெருக்கள் சுரங்கமாயின. 1820இல் அப்போது எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் படை வந்து சீவாவை எகிப்தோடு சேர்த்தபிறகுதான் மக்கள் மெல்ல மதிலுக்கு வெளியே வீடு கட்டத் துணிந்தார்கள்.

எழுநூறு வருடம் நின்ற கோட்டையை எந்தப் படையும் கவிழ்க்கவில்லை. 1926இல் மூன்று நாள் மழை பெய்தது. உப்புச் சுவர் கரைந்தது, அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன, இருந்தவர்கள் கிளம்பினார்கள். இப்போது நிற்பது உருகி வழிந்து உறைந்த மாதிரி ஒரு குன்று. அதில் ஆங்காங்கே சன்னல் ஓட்டைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஒரு பகுதியைப் புதுப்பித்து 2020இல் திறந்தார்கள். பாக்கி ஊர் முழுக்க வெள்ளைக் கல்லும் சிமெண்டும். சிமெண்ட் வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெர்ஷெஃப் சுவரை ஒவ்வொரு தூறலுக்குப் பிறகும் பழுது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளியலறைக் குழாய் ஒழுகினாலே சுவருக்கு ஆபத்து. மின்சாரமே இல்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடத்தும் விலையுயர்ந்த தங்கும் விடுதிக்கு அது அழகுதான். நாலு பிள்ளை பெற்றவர்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள்.

நான் பார்க்கப் போன கோயிலையும் சொல்லிவிடுகிறேன். அகுர்மி குன்றின்மேல் அமுன் கடவுளின் குறிகேட்கும் கோயில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அமாசிஸ் மன்னர் காலத்தது. கி.மு. 331இல் அலெக்சாந்தர் பாலைவனத்தைக் கடந்து வந்தார். பூசாரி அவரைக் கடவுளின் மகன் என்று வரவேற்றதாகச் சொல்வார்கள். உள்ளே என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை அவர் வெளியே சொல்லவில்லை. சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. பக்கத்திலிருந்த உம் உபைதா கோயிலின் நிலைமை இன்னும் மோசம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் அரசு அதிகாரி கட்டுமானக் கல் வேண்டும் என்பதற்காக அதை வெடிவைத்துத் தகர்த்தார். மிச்சம் ஒரே ஒரு சுவர். அதிலுள்ள சித்திரங்கள் அற்புதம் என்பதால் கோபம் இன்னும் கூடுகிறது. குன்றின் உச்சியில் நிற்பதற்கு வேறு ஒரு காரணம் உண்டு: சட்டி முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். தோப்பு, அப்புறம் காய்ந்த பழுப்பு, அப்புறம் உப்பு வெள்ளை, அப்புறம் ஏரி. அந்தப் பழுப்புப் பட்டையும் ஒரு காலத்தில் தோப்பாக இருந்ததுதான்.

அது எப்படி நடந்தது என்றால், 1960களுக்குப் பிறகு, குறிப்பாகச் சாலை வந்து பேரீச்சைக்கும் ஆலிவுக்கும் வெளியே சந்தை கிடைத்தபிறகு, புதுத் தோட்டம் போட எல்லோரும் கிணறு தோண்டினார்கள். மேல் அடுக்கை எட்டுவதற்கு அதிக ஆழம் போக வேண்டியதில்லை. எளிய கருவிகளோடு ஆட்களே துளை போட்டார்கள். நீர் தானாகப் பீறிட்டு வந்தது. பம்பு வேண்டாம், மின்கட்டணம் இல்லை. ஆனால் மூடுவதற்கு வால்வும் வைக்கவில்லை. பாத்திக்கு வேண்டியதைத் திருப்பிக்கொண்டு மீதியை ராவும் பகலும் ஓட விட்டார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகள். ஊற்றுகளை மட்டும் நம்பியிருந்தபோது பொழுது எண்ணிப் பங்கிட்ட அதே மக்கள்தான். சொந்தக் கிணற்று நீருக்கு யாரிடம் கணக்குச் சொல்வது?

ஓடிய நீர் போக இடமில்லாமல் தாழ்ந்த பகுதிகளில் சேர்ந்தது. ஏரிகள் பெருத்தன. நிலத்தடி நீர்மட்டம் மேலேறி வேரைத் தொட்டது. ஆலிவ் அதிகம் தாங்காது, முதலில் போய்விடும். பேரீச்சை உப்பைப் பொறுத்துக்கொள்ளும் மரம்தான். ஆனால் அதற்கும் வேரில் காற்று வேண்டும். நுனி காய்ந்து, குலை சிறுத்து, கடைசியில் தலை இல்லாத கம்பமாக நிற்கும். ஏரிக்கரையோரம் அப்படி வரிசையாக நிற்கிற மரங்களைச் சூரியன் மறையும் நேரத்தில் படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். நானும் எடுத்தேன், அழகாகத்தான் வந்திருக்கிறது.

உப்பில் காசு பார்க்கிறவர்களும் உண்டு. ஏரிப் படுகையிலிருந்து உப்பை வெட்டி, வெளிநாடுகளில் பனி உறைந்த சாலையில் தூவ ஏற்றுமதி செய்கிறார்கள். கட்டியைக் குடைந்து விளக்கு செய்து விற்கிறார்கள். இணையத்தில் எல்லோரும் மிதந்து காட்டும் அந்த நீலப்பச்சைக் குளங்கள் உப்பு வெட்டிய குழிகள்தான். கைகால் விரித்துப் படுத்தால் மூழ்கவே முடியாது. உடம்பில் கீறல் இருந்தால் மட்டும் இறங்க வேண்டாம், அலறிவிடுவீர்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான மேலடுக்குக் கிணறுகளை மூடியது, ஏரிகளுக்குக் கரை போட்டது, கீழடுக்கின் நல்ல நீரை ஆழ்துளைக் கிணறு வழியே எடுத்து உவர்நீரோடு கலந்து கொடுத்தது. அண்மை ஆண்டுகளில் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி, வடிநீரைப் பம்பு வைத்துக் கிழக்கே ஆளில்லாத வேறொரு பள்ளத்துக்கு அனுப்புகிறார்கள். அதாவது சட்டிக்கு ஓட்டை போட்டாயிற்று. ஏரி மட்டம் இறங்கினால் தோட்டங்கள் பிழைக்கும். ஆனால் எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. பம்பு ஓடும்வரைதான் அந்த ஓட்டை வேலை செய்யும். மேலே தேங்குவதை வெளியேற்றச் செலவு செய்துகொண்டே, கீழே திரும்ப நிரம்பாத நன்னீரையும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் என்ன கணக்கு அது? குழாயை மூடுவதுதான் மலிவான வழி. அதுதான் எல்லாவற்றிலும் கடினமானதும்கூட, ஏனென்றால் அது ஊருக்குள் ஆளும் ஆளும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது.

பேசித் தீர்ப்பது சீவாவுக்குப் புதிது இல்லை. முப்பதாயிரத்துக்கும் மேல் மக்கள். பெரும்பாலோர் பெர்பர் என்றும் அழைக்கப்படும் அமாசிக் இனத்தவர்கள், வீட்டில் பேசுவது சீவி மொழி, பள்ளியிலும் அலுவலகத்திலும் அரபு. கீழ்த்திசைக்காரர்கள், மேற்றிசைக்காரர்கள் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து தலைமுறைகளாக வெட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு சூஃபி ஞானி சமாதானம் செய்து வைத்ததாக மரபு. அதை நினைவுகூர ஒவ்வோர் அக்டோபர் பௌர்ணமிக்கும் தக்ரூர் மலையடியில் மூன்று நாள் கூடுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள், சிறுவர்கள், சிறுமிகள். கல்யாணமான பெண்கள் போவதில்லை. பெரிய பெரிய தட்டுகளில் ரொட்டி, சோறு, இறைச்சி. பணக்காரர் ஏழை, கிழக்கு மேற்கு என்று பாராமல் ஒரே தட்டைச் சுற்றி உட்கார வேண்டும். அந்த வருடத்துச் சண்டைகளைத் தீர்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

எனக்குத் தோட்டம் காட்டிய பெரியவர் இந்தத் தடவையும் போய்வந்தாராம். அவருடைய கிணற்றில் வால்வு இருக்கிறது. சில வருடத்துக்கு முன் வைத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இல்லை. நாங்கள் தேநீர் குடித்த நேரம் முழுக்க அங்கிருந்து நீர் கசிந்து இவருடைய கீழ்ப்பாத்தியில் ஏறிக்கொண்டிருந்தது, பாத்தி ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. “விழாவில் அந்தத் தோட்டக்காரரைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். “ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம்” என்றார். வால்வைப் பற்றிப் பேசினீர்களா என்றதற்கு, சாப்பிடும்போது அதையெல்லாம் யார் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு குவளை ஊற்றினார்.